இருவருக்கு ஒரு ஃபர்வா

பஹ்ரைனின் முஹர்ரக் நகரில் முனீராவை முகம் பார்த்து அறிந்தவர்களைவிடக் குரல் கேட்டு அறிந்தவர்களே அதிகம். ஒரு அமைச்சகத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தாள். ஜன்னல் இல்லாத அறை. இயந்திரங்கள் சூடாகக் கூடாது என்பதற்காக ஏசியை யாரும் குறைக்க விடமாட்டார்கள். ஆகஸ்ட் மாதத்தில்கூட முதுகில் சால்வையோடுதான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெரிந்த குளிர் அது ஒன்றுதான்.

அவள் தனியாக எங்கும் போனதில்லை. வேலைக்கு அலுவலகப் பேருந்து வரும். கடைகண்ணிக்குக் கணவர் துவைஜ் காரில் கூட்டிப்போவார். மக்காவுக்கு உம்ரா செய்ய அண்ணனோடு போய்வந்தாள். இதில் அவளுக்குக் குறை இருந்ததாகச் சொல்ல முடியாது. வாழ்க்கை அப்படி அமைந்துவிட்டது.

ஓய்வு பெற்ற வருடம், செப்டம்பர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"எனக்குப் பனி பாக்கணும்."

துவைஜ் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். சவூதிப் பாலத்துச் சுங்கச் சாவடியில் முப்பது வருடம் கார் டிக்கிகளைத் திறந்து பார்த்தவர். எந்தச் செய்திக்கும் உடனே முகம் மாறாது.

"ஃப்ரீஸரத் தொறந்து பாரு" என்றார்.

மகன் ஃபவாஸ்தான் அலைபேசியில் தேடினான். கோடையில் வளைகுடாக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போகும் துருக்கி மலைக் கிராமம் ஒன்று, ட்ராப்ஸன் நகருக்கு மேலே, ஏரிக்கரையில். ஜனவரியில் எல்லாம் பாதி விலை.

"சும்மா பாதி விலைக்குத் தருவானாம்மா? அப்ப அங்க ஈ காக்கா இருக்காது. கடைங்க பூரா மூடிக் கெடக்கும்."

"நான் என்ன ஈ காக்கா பாக்கவா போறேன்?"

அக்டோபரிலேயே ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. வெளியே முப்பத்தாறு டிகிரி வெயில். செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் பழைய அலுவலகத் தோழிகளிடம் முனீரா யோசனை கேட்டாள். கிடைத்த யோசனைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒருத்தி மூக்கில் வாஸலின் தடவச் சொன்னாள். இன்னொருத்தி இரண்டு காலுறைக்கு நடுவே பிளாஸ்டிக் பை போடச் சொன்னாள். ஸபீகா மட்டும் ஒரு தடவை நிஜமாகவே பாஸ்னியாவுக்குப் போய்வந்தவள். அவள் சொன்னாள்:

"எதையும் மறந்தாலும் மற, ஜாக்கெட்ட மட்டும் கையிலயே வெச்சுக்கோ. பெட்டியில போடாத."

முனீரா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, விமானத்துக்குள் கதகதப்பாகத்தானே இருக்கும் என்று அந்த வரியை அடித்துவிட்டாள்.

டிசம்பரில் எல்லாம் சேர்ந்துவிட்டன. உடம்போடு ஒட்டும் உள்ளாடை மூன்று ஜோடி, கம்பளிக் கையுறை, காதை மூடும் தொப்பி, ரப்பர் அடி வைத்த பூட்ஸ், முழங்கால் வரை வரும் இறகு ஜாக்கெட் இரண்டு. ஒருநாள் சாயங்காலம் ஹாலில் ஏசியைப் பதினாறில் வைத்து, வாங்கியதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். வெளியிலிருந்து வந்த துவைஜ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு அது?"

"நான்தான்."

"உம் ஃபவாஸ், மூச்சு விடுறியா இல்லையா?"

வீட்டில் அவள் அவருக்கு 'உம் ஃபவாஸ்', ஃபவாஸின் அம்மா. அவர் அவளுக்கு 'பூ ஃபவாஸ்', ஃபவாஸின் அப்பா.

"ரெண்டு மணி நேரம் உக்காந்து பாக்குறேன். குளிருதான்னு."

"குளிருதா?"

"வேத்து ஊத்துது."

துவைஜ் தன் பங்குக்கு ஒன்றே ஒன்றுதான் எடுத்துக்கொண்டார்: ஸகீர் பாலைவனத்தில் கூடாரம் போடும் நாட்களில் அவர் போர்த்திக்கொள்ளும் ஃபர்வா. உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்த, கணுக்கால் வரை தொங்கும் கனத்த அங்கி. பெட்டியில் அது அடங்கவில்லை.

"அதப் போட்டுக்கிட்டு வந்தா ஒட்டகம் மேய்க்க வந்தவர்னு நெனப்பாங்க. உங்களுக்குத்தான் புது ஜாக்கெட் வாங்கியிருக்கேனே?"

"அது பெட்டியிலேயே இருக்கட்டும். இது என் தோள்ல வரும்."

தோளில்தான் வந்தது. விமான நிலையத்தில் முனீரா நாலடி தள்ளியே நடந்தாள்.

இஸ்தான்புல்லில் விமானம் மாறியபோது பெட்டி மாறவில்லை. ட்ராப்ஸனில் பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. முனீரா மெல்லிய அபாயா அங்கியும் துணிக் காலணியுமாக நின்றாள். அடுத்த விமானத்தில் வந்துவிடும், ஹோட்டலுக்கே அனுப்பிவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நகரத்திலேயே எதையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், கூட்டிப்போக வந்த வேன்காரர் அவசரப்பட்டார். பனி பிடித்துக்கொண்டால் மலைப்பாதையை மூடிவிடுவார்களாம். ஏறினார்கள். அவர் சொன்னதுபோலவே, இவர்கள் போய்ச் சேர்ந்த இரண்டாவது மணி நேரத்தில் பாதையை மூடிவிட்டார்கள்.

ஹோட்டலில் இவர்களைத் தவிர வேறு விருந்தாளி இல்லை. ஹோட்டலை நடத்தும் ரிஃப்கி மட்டும் இருந்தார். கோடை வியாபாரத்தில் கற்ற அரபி சரளமாக வந்தது அவருக்கு. மனைவி மக்கள் குளிர்காலத்துக்குத் துணிமணிகளோடு நகரத்துக்கு இறங்கிப் போயிருந்தார்கள்.

"ஜனவரியில இங்க யாரும் வர மாட்டாங்களே, ஹஜ்ஜி. உங்களுக்கு யார் சொன்னது?"

"இவதான்" என்றார் துவைஜ்.

ரிஃப்கியிடம் இருந்தது ஒரே கோட்டு. பனியை வாரித் தள்ளவும் மாட்டைப் பார்க்கவும் அது அவருக்கு வேண்டும். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் கம்பளிக் காலுறைகளும் கொடுத்தார். ஆக, இரண்டு பேருக்கு ஒரு ஃபர்வா, ஒரு ஜோடி பூட்ஸ். ஒருவர் வெளியே போனால் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும்.

"மொதல்ல நீங்க போயிட்டு வாங்க" என்றாள் முனீரா.

துவைஜ் வாசல்வரை போய், ஒரு சிகரெட் பிடித்துவிட்டுத் திரும்பினார்.

"பாத்தாச்சு. வெள்ளையா இருக்கு."

ஃபர்வாவைக் கழற்றி அவள் தோளில் போட்டார். அது தரையில் புரண்டது. புகையிலையும் அடுப்புக் கரியும் அதில் மணத்தன. அன்றைக்கு அவள் ஹோட்டலைச் சுற்றி மட்டும் நடந்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது வெள்ளை நிறம் அல்ல, சத்தமின்மை. கால் புதையும் சத்தம்கூட ஒரு நொடியில் அமுங்கிவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. குளிர் மூக்கைக் கடித்தது. வாஸலின் பெட்டியில் இருந்தது.

மறுநாள் காலையில் ஏரியைச் சுற்றிவரக் கிளம்பினாள்.

"ஒரு மணி நேரம்தான்" என்றார் துவைஜ்.

"சரி."

ஏரியின் ஓரமெல்லாம் உறைந்திருந்தது. பாதி தூரத்தில் பாதை பனிக்குள் மறைந்துபோனது. எந்தப் பக்கம் திரும்புவது என்று நின்றவளை, மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கையசைத்துக் கூப்பிட்டாள். எழுபது வயது இருக்கும். நெஞ்சைத் தட்டி "ஹவ்வா" என்றாள். முனீராவும் நெஞ்சைத் தட்டிப் பெயரைச் சொன்னாள். அதற்குமேல் இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தையும் இல்லை.

வீட்டுக்குள் அடுப்பு எரிந்தது. ஹவ்வா அதில் கைப்பிடி கைப்பிடியாக ஹேசல் கொட்டை ஓடுகளைப் போட்டாள். சோள ரொட்டியும் உருக்கிய பாலாடைக்கட்டியும் வந்தன. பிறகு தேநீர், அதன்பின் மறுபடியும் தேநீர். ஃபர்வாவை வாங்கி மடியில் வைத்து, ரோமத்தைப் பிரித்து வேரைப் பார்த்து, தையலை நகத்தால் கீறிப் பார்த்தாள். ஆடு வளர்ப்பவள் போலிருக்கிறது. உதட்டைப் பிதுக்கி ஏதோ சொன்னாள். ரோமம் மட்டம் என்று முனீராவுக்குப் புரிந்தது. இருவரும் சிரித்தார்கள். முனீரா துருக்கியில் ஒன்று முதல் பத்து வரை சொல்லக் கற்றுக்கொண்டாள். அலைபேசி எப்போது அணைந்தது என்று அவள் கவனிக்கவில்லை. குளிர் அதன் உயிரை வாங்கியிருந்தது.

ஹோட்டலில் ஒரு மணி நேரம் இரண்டாகி, மூன்றாகத் தொடங்கியது. ரிஃப்கி பக்கத்து வீட்டுக் கூரையில் பனி தள்ளப் போயிருந்தார். துவைஜ் பத்துத் தடவை அழைத்துப் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்த பஞ்சுப் போர்வையை எடுத்தார். ரோஜாப்பூப் போட்ட பருத்த ரஜாய். அதை உடம்பில் சுற்றித் திரைச்சீலைக் கயிற்றால் இடுப்பில் கட்டினார். ஹோட்டல் செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டார். "முனீரா! முனீரா!" என்று கத்திக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தார். முப்பத்தைந்து வருடத்தில் தெருவில் வைத்து மனைவியின் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

லுஹர் என்னும் மதியத் தொழுகை முடிந்து ஐந்து கிழவர்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தார்கள். ரோஜாப்பூ ரஜாயில் ஒரு மனிதர் வழுக்கி வழுக்கி வருவதைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மற்ற நால்வரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பனியில் அவளுடைய கால் தடத்தைப் பார்த்தே ஹவ்வாவின் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கதவைத் திறந்தவள் முனீராதான்.

"பூ ஃபவாஸ், என்ன கோலம் இது!"

"ஃபோன ஏன் எடுக்கல?"

"அது செத்துப்போச்சு."

"நீ செத்துட்டேன்னு நெனச்சேன்."

குரல்களை வைத்தே பிழைத்தவள் அவள். யார் கோபத்தில் பேசுகிறார், யார் பொய் சொல்கிறார் என்று முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். துவைஜின் இந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். இடது காலில் இரண்டு விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. ஹவ்வா வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தாள். விரல்கள் சிவந்து வலிக்கத் தொடங்கியபோது துவைஜ் முனகினார். வலித்தால் நல்லது என்பதுபோல் ஹவ்வா தலையாட்டினாள். கிழவர்கள் தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் பாதை திறந்தது. பெட்டியும் வந்தது. எல்லாம் அவள் அடுக்கிய வரிசையிலேயே இருந்தன. மறுநாள் காலையில் திரும்ப வேண்டும். இருந்தாலும் முனீரா எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தாள். சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒரு பொட்டுக் குளிர் உள்ளே வரவில்லை. அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டாள்.

ரஜாய் விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று துவைஜ் விமானத்திலேயே சத்தியம் வாங்கினார். அடுத்த செவ்வாய்க்கிழமையே அது சபைக்கு வந்துவிட்டது. ஸபீகா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன்ல, ஜாக்கெட்ட கையில வெச்சுக்கன்னு?"

"சொன்ன. வெச்சிருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா நடந்துட்டு வந்திருப்போம். அவ்வளவுதான்."

அந்த வருடம் முடியப்போகும்போது மறுபடியும் பேச்சை எடுத்தாள்.

"அங்கயே போகலாமா?"

"என் வெரலு ஒண்ணு இன்னும் மரத்துக் கெடக்கு. நான் வரல."

"நான் போயிட்டு வரட்டா?"

ஃபவாஸ் கூடாது என்றான். தனியாகவா, அந்தப் பனியிலா, ஏதாவது ஆனால் யார் பார்ப்பது என்றான். மூன்றாம் நாள் காப்பி ஊற்றும்போது துவைஜ் மகனிடம் சொன்னார்:

"டிக்கெட் போட்டுக் குடு. அவளுக்கு அங்க ஆள் இருக்கு."

முனீரா ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். துவைஜ் அந்த வாரம் ஸகீரில் கூட்டாளிகளோடு கூடாரம் போட்டிருந்தார். அவள் ரிஃப்கியின் ஹோட்டலில் ஒன்பது நாள் இருந்தாள். அதில் நான்கு நாள் ஹவ்வாவோடு கொட்டை ஓடு அள்ளினாள். திரும்பி வந்தபோது துருக்கியில் நூறு வரை எண்ணத் தெரிந்திருந்தது. அதற்கடுத்த ஜனவரியிலும் போனாள்.