நெல்லில் பட்ட கால்

என் மகளின் கீழுதட்டில் மூன்று தையல். பள்ளி வேன் சடன் பிரேக் போட்டதில் முன்சீட்டுக் கம்பியில் போய் மோதியிருக்கிறாள். உள்ளே எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று கேட்டேன். டிரைவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருவர் மடியில் ஒருவராக அடைத்து வைத்திருந்தால் எப்படித் தெரியும்? பத்து நாளாகிவிட்டது. வேன் ஹாரன் கேட்டால் இன்னும் வாசலுக்கு ஓடுகிறேன்.

போன சனிக்கிழமை தஞ்சாவூரில் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியை ஒரு யோசனை சொன்னார். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பிள்ளைகள் கூட்டாக நடந்து வரட்டும், தினம் இரண்டு பெற்றோர் முறைவைத்துக் கூடவரலாம் என்றார். நடந்து வருகிற பிள்ளை முதல் பீரியடில் தூங்குவதில்லை, பசித்துச் சாப்பிடுகிறது, சாலையைக் கடக்கப் பழகுகிறது, பள்ளி வாசலில் வண்டி நெரிசலும் குறையும் என்று பொறுமையாக விளக்கினார். முதல் ஆளாக நான் பெயர் கொடுக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர், “எந்தெந்தத் தெருப் புள்ளைங்கல்லாம் கூட வரும்னு யாருக்குங்க தெரியும்? நமக்கு சேஃப்டி முக்கியம் இல்லீங்களா?” என்றார். பாதிக் கூட்டம் தலையாட்டியது.

என் பெரியப்பாவுக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியாது. பொருள் நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கம். அப்போது ஊரில் ஐந்தாம் வகுப்புவரைதான் உண்டு. ஆறாம் வகுப்புக்குத் தார்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் போகவேண்டும். எங்கள் பெரிய தெருவாக இருந்தாலும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியாக இருந்தாலும், பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வராது. ஐந்தாவதோடு நின்றுபோனவர்கள் இரண்டு இடத்திலும் நிறைய.

நான் ஆறாம் வகுப்பு சேர்ந்த வருஷம் கும்பகோணத்திலிருந்து ஒரு டீச்சர் மாறுதலாகி வந்தார். அவர் வரும் பஸ் எங்கள் ஊர்ப் பாலத்தில் இறக்கிவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடும். அங்கிருந்து அவரும் நடந்துதான் ஆகவேண்டும். முதல் வாரமே இரண்டு பக்கமும் வீடுவீடாகப் போய், “எட்டரைக்குப் பாலத்துல நிப்பேன். புள்ளைங்கள அனுப்புங்க, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டார். பதினோரு பேர் சேர்ந்தோம். எங்கள் தெருவில் ஏழு, காலனியில் நாலு.

டீச்சருக்கு ஒரு விதி இருந்தது. இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடக்கவேண்டும். ஜோடியை உயரம் பார்த்துச் சேர்ப்பார், தெரு பார்த்து அல்ல. என் உயரத்துக்குக் காலனி வசந்திதான் சரியாக இருந்தாள். பதினாறாம் வாய்ப்பாடுவரை நான் மனப்பாடம் செய்தது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நடையில்தான். நோஞ்சானாக இருந்த எனக்கு மத்தியானச் சோறு பத்தாமல் போனதும் அந்த வருஷம்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மா, “மொதல்ல கையக் கழுவுடி” என்பாள். பள்ளிக்கூடத்துத் தூசிக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் சம்பா அறுப்பு. எங்கள் பக்கம் களத்தில் இடம் போதாவிட்டால் நெல்லைத் தார்ச்சாலையிலேயே கொட்டிக் காயவைப்பார்கள். பாதிச் சாலைக்கு நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாதபடி ஓரமெல்லாம் கருங்கல் அடுக்கிவிடுவார்கள். மீதிப் பாதிதான் லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் எங்களுக்கும். அன்றைக்குக் காய்ந்தது பெரியப்பாவின் நெல். அவர் நாற்காலி போட்டுக் குடையோடு காவல் உட்கார்ந்திருந்தார்.

பின்னாலிருந்து வைக்கோல் லாரி ஒன்று வந்தது. வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கிச் சாலையை அடைத்துக்கொண்டு வருகிறது. எனக்குக் கால் ஓடவில்லை. வசந்திதான் என் கையை இழுத்தாள். கல்லைத் தாண்டி இருவரும் நெல்லுக்குள் விழுந்தோம். “எல்லாரும் உள்ள ஏறுங்க!” என்று டீச்சர் கத்த, மற்றவர்களும் ஏறினார்கள். வைக்கோல் என் காதை உரசிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

பெரியப்பா குடையை வீசிவிட்டு ஓடிவந்தார். என்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“ஏய், எவடி நெல்லுல கால வச்சது? ஒங்க அப்பன் வூட்டு நெல்லா?”

கேட்டது வசந்தியைப் பார்த்து. நெல்லின் மேல் பதினோரு பேர் நின்றிருந்தோம். செருப்போடு நின்றவள் நான். அவள் வெறுங்காலோடு நின்றாள்.

“லாரியப் பாத்தீங்களா இல்லையா?” என்றார் டீச்சர்.

“நான் நெல்லப் பாத்தேங்க டீச்சர். மகாலட்சுமிங்க அது. கண்ட காலும் மிதிக்கிறதுக்கா கொட்டி வச்சிருக்கேன்?”

கண்ட கால்! அந்த நெல்லை நட்டு, அறுத்து, தலையில் சுமந்து கொண்டுவந்து கொட்டியவர்களில் வசந்தியின் அம்மாவும் ஒருத்தி. நெல் ஒரே சீராகக் காயவேண்டும் என்று மணிக்கொரு தரம் அதற்குள் நடந்து காலால் கிளறிவிடுகிறவளும் அவளேதான். தாய் கால் படலாம், காய்ந்தால் போதும். மகள் கால் பட்டால் மகாலட்சுமிக்கு ஆகாது. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் தெருப் பெரியவர்கள் கூடினார்கள். “ரோடு முன்ன மாதிரி இல்ல. புள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார் பெரியப்பா. சாலையில் பாதியை அடைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவருடைய டிராக்டர் பெட்டியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேரும் பள்ளிக்கூடம் போனோம். எனக்கு ஒரே கொண்டாட்டம். நம்மேல் பெரியப்பாவுக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் வீட்டுக்கே வந்தார். “அந்த நாலு புள்ளைங்களையும் ஏத்திக்குங்க. இல்லைன்னா இவங்களையும் நடக்க விடுங்க. கூட்டமாப் போனாத்தாங்க அதுங்களுக்குத் துணை” என்றார்.

“பெட்டியில எடம் இல்லீங்களே டீச்சர்” என்றார் பெரியப்பா, மிக மரியாதையாக. நாற்பது மூட்டை ஏற்றுகிற பெட்டி அது.

டீச்சர் அந்த நாலு பேரோடு நடந்துகொண்டுதான் இருந்தார். மாசிக் கடைசியில் அவருக்கு மாறுதல் வந்தது. பிள்ளைகளை ஆபத்தான சாலையில் நடத்திக் கூட்டிப்போகிறார் என்று மேலே ஒரு மனு போயிருந்தது. அதில் என் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருந்தார் என்பதைப் பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். குடும்பத்துப் பழைய கதைகளில் ஒன்றைச் சொல்வதுபோல, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

டீச்சர் போனபிறகு காலனிப் பையன்கள் மூன்று பேரும் வரப்பில் குறுக்குவழியாக ஓடிப்போக ஆரம்பித்தார்கள். வசந்தி தனியாகிவிட்டாள். பெண்பிள்ளையைச் சாலையில் தனியாக விட அவள் அம்மாவும் பயந்தாள். கூடப் போய்விட்டு வரலாம் என்றால், விடிந்ததும் வேலைக்குப் போகவேண்டியவள்.

பங்குனியில் ஒருநாள் டிராக்டர் பெட்டியில் நின்றுகொண்டு போகும்போது வசந்தியைப் பார்த்தேன். எங்கள் வயலில்தான், அவள் அம்மாவோடு உளுந்துச் செடி பறித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கணக்குப் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தோம். “வசந்தி! வசந்தி!” என்று கத்திக் கையை ஆட்டினேன். அவள் நிமிர்ந்தாள். பெட்டியையும் என்னையும் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினாள்.

எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டவளைப் பார்த்து ஒரு கையசைக்கக் கூடாதா? அவளுக்கென்ன, பரீட்சையே எழுதவேண்டாம், கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.