காக்கா கடை இருந்த இடம்

அந்த நீல டிரம்மின் மேல், சங்கிலியில் கட்டிய அலுமினிய டம்ளர் ஒன்று எப்போதும் கவிழ்ந்திருக்கும். மலைப்பக்கம் போகும் சாலையில், காக்காவின் மளிகைக் கடை வாசலில், தகரக் கூரை நிழலில் இருந்த தண்ணீர் டிரம் அது. லாரிக்காரர், ஆடு மேய்ப்பவர், வழி தவறியவர் என்று யார் வேண்டுமானாலும் கேட்காமலே குடிக்கலாம். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்து ரொட்டி வண்டி ஓட்டிய எனக்கும் அவர் காக்காதான்.

அவர் வந்தபோது அங்கே தார்ச்சாலை கிடையாது, மூன்றே வீடுகள். வாசலில் கார் நின்று ஹார்ன் அடித்தால், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். காரில் இருப்பவர் இறங்க மாட்டார். கண்ணாடியை இறக்கி வேண்டியதைச் சொல்வார், காக்கா கொண்டுபோய்க் கொடுப்பார். இங்கே எல்லாக் கடைகளிலும் அதுதான் பழக்கம். பார்க்கிற எனக்குத்தான் எரிச்சல் வரும், அவருக்கு வராது.

ஒருநாள் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அந்த இடத்தில் முதலில் யார் குடியேறினார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று எழுதிச் சாலையோரம் பலகை வைக்கப் போகிறார்களாம். காக்கா டீ போட்டுக் கொடுத்து, மதியம் முழுக்க அரபியில் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம கடையும் அதுல வரும் தம்பி. புள்ளைங்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பணும்" என்றார். அந்த வாரமே கடைக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

பழுப்புப் பலகை வந்தது. குர்ஆன் ஓதிப் பழகியவர், அரபியை அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். மூன்று குடும்பங்கள் இங்கே குடியேறின. வழிப்போக்கர்கள் தண்ணீருக்காக இங்கே நிற்பார்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"தண்ணி இருக்கு தம்பி, கொடுத்தவனத்தான் காணோம். இங்கிலீஷ்ல இருக்கான்னு பாரு."

பார்த்தேன். அதிலும் இல்லை. அதற்குள் ஒரு கார் ஹார்ன் அடிக்க, அவர் ஓடிவிட்டார்.

கொஞ்ச நாளில், அவருக்கு விசா எடுத்த கஃபீல் போனில் சொல்லிவிட்டார்: கடை கலாஸ், இனி கிடையாது. பலகை பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். கடையோடு விசாவும் போயிற்று. கதை கேட்க வந்தவர்கள், கதை சொன்னவரையே கிளப்பிவிட்டார்கள். காக்கா கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. "டிரம்மையாச்சும் வச்சிட்டுப் போறேன்" என்று நிரப்பி வைத்துவிட்டு விமானம் ஏறினார். அடுத்த முறை நான் அந்த வழியாகப் போனபோது அதுவும் இல்லை.

போன வாரம் அங்கே வண்டியை நிறுத்தினேன். துபாயிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நல்ல வெயில். குழந்தை அழுதது.

"அண்ணே, பக்கத்துல தண்ணி வாங்க கடை எதுவும் இல்லையா?" என்று கேட்டார் அப்பாக்காரர்.

"இருந்துச்சு சார். இப்ப உங்க கார் நிக்குதே, அங்கதான்."

நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அவர் காரின் முன்சக்கரம் நின்ற இடத்தில்தான் டிரம் இருந்தது.