தயாளன் அண்ணன் பார்த்த கடைசி சீட்

மாமல்லபுரத்தில் காலை ஷிப்டுக்கு பஸ் ஏற நின்றிருந்தபோது போன் அடித்தது. குமாரின் பெயர். இரண்டு வருடமாக என் போனில் வராத பெயர். “அண்ணன் பூட்டாருண்ணா” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். நம் பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும் சாவுச் செய்தியை அப்படித்தான் ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கிறான்.

செங்கல்பட்டு வழியாக மறைமலைநகருக்கு நம்மை ஏற்றிச் சென்ற கம்பெனி பஸ்ஸின் டிரைவர் தயாளன் அண்ணன். நம்மோடு வேலை பார்க்கும் குமார் அவருடைய ஒரே தம்பி. அந்த பஸ்ஸில் யாருக்கும் சீட் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அவரவர் இடம் அவரவருக்கு. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் எனக்கும் குமாருக்கும்.

அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, மருந்தில் அடங்கியது. அது திரும்பாமலிருக்க, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை ஏற்ற வேண்டும், கூடப் பிறந்தவருடையது பொருந்திச் சேர்ந்தால் நல்லது என்றார்கள். பிறகு பார்த்தால், அவருடைய செல்லையே எடுத்து உறைய வைத்து, கடும் மருந்து கொடுத்தபின் அவருக்கே ஏற்றப்போவதாகச் செய்தி. எனக்குத்தான் முன்கோபம் ஆயிற்றே. தம்பி பயந்து பின்வாங்கிவிட்டான் என்று நானே முடிவு கட்டினேன். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்க, ஓடும் பஸ்ஸில், அத்தனை பேர் முன்னால், “கூடப் பொறந்தவருக்குக் குடுக்க மனசு வர்ல, நீயெல்லாம் இன்னாடா தம்பி?” என்று கேட்டேன். குமார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுநாள் கடைசி சீட்டுக்குப் போய்விட்டான்.

சிகிச்சை முடிந்து அண்ணன் வீடு திரும்பியபோது வெளியாட்களை உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றேன். தலையில் ஒரு முடி இல்லை. பேச்சு மட்டும் அதே பேச்சு. செல்லை ஏற்றிய அன்று, அதை உறைய வைக்கச் சேர்த்த மருந்தால் அறையெல்லாம் பூண்டு வாசனை என்றார் அண்ணி. “என்னுதையே எடுத்து, ஊறுகா போட்டு வெச்சி, எனக்கே குடுத்துட்டாங்கப்பா” என்று அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“மொதல்ல ஓடிப் போய் டெஸ்டுக்குக் குடுத்ததே அவன்தான். சேரல. ரிசல்ட் வந்த அன்னிக்கு என் காலப் புட்சிக்கினு அழுதான். அவனப் போய் இன்னா வார்த்த கேட்டுட்ட நீ? அவனாண்ட பேசுப்பா.”

“சரிண்ணா” என்றேன். பேசவில்லை. வெட்கம் பாதி, வீம்பு பாதி.

பல மாதம் கழித்து, முகக்கவசத்தோடு மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். பஸ்ஸே கைதட்டியது, உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தினமும் கிளம்பும்முன் கண்ணாடியில் கடைசி சீட்டைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். அப்புறம்தான் கியர் போடுவார். வாயால் ஒரு தடவைகூட மறுபடி கேட்கவில்லை. நோய் திரும்பி வந்து அவர் படுத்த பிறகும், நாளைக்குப் பேசலாம் என்றே இருந்துவிட்டேன். பாவி நான்.

அடக்கமும் காரியமும் முடிந்து, குமார் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை பஸ் ஏறினேன். முதல் சீட்டைத் தாண்டிக் கடைசிவரை நடந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், அன்று கேட்டதும் அவர்கள் முன்னால்தானே.

“தப்பு என் மேலதான் குமாரு. அண்ணன் அன்னிக்கே சொன்னாரு. நான்தான் வர்ல.”

குமார் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியைப் பிடித்தபடி நின்றேன். திருக்கழுக்குன்றம் தாண்டியது. பக்கத்தில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

உட்கார்ந்தேன். தயாளன் அண்ணன் எனக்கென்று விட்டுப்போன இடம் அதுதான். இனி அதில்தான் வருவேன்.