சுவருக்கு அந்தப் பக்கம்

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இசைத்தட்டுத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர். அச்சு இயந்திரங்களின் இரைச்சல் எட்டாத, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருபத்தாறு ஆண்டுகளாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டுகளைக் கேட்டுவந்தார். பாட்டைக் கேட்பதல்ல அவர் வேலை. பாட்டில் சேராததைக் கேட்பது. ஒரு சொடுக்கு, ஒரு கீறல், நடுத்துளை மயிரிழை விலகியதால் சுருதி தள்ளாடுவது, எதுவும் அவரிடம் தப்பாது. இத்தனை ஆயிரம் தட்டுகள் கேட்டும் ஒரு பாட்டின் ஒரு வரிகூட அவருக்கு நினைவில் இல்லை. குறையைத் தேடியே பழகிய கவனம் மற்றதையெல்லாம் சல்லடைபோல் கீழே விட்டுவிடும்.

வீட்டுக்கு வந்தால் காது ஓய வேண்டும். ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை யாரும் குரலெடுத்துப் பேசக்கூடாது. மனைவி தொட்டியில் துணி விரித்துப் பாத்திரம் கழுவினார். எங்கள் வீட்டில் வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருவார்.

மகள் பதினாறு வயதில் ஒரு பழைய பேஸ் கிட்டார் வாங்கினாள். அவளும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசித்தாள். ஆனால் தடித்த கம்பிகளின் அதிர்வு கட்டில் வழியாகச் சுவருக்கும், சுவர் வழியாக அடுத்த அறையிலிருந்த அவர் நாற்காலிக்கும் வந்தது. அவர் எழுந்து போய்த் திட்டியதே இல்லை. விரல் முட்டியால் சுவரில் மூன்று முறை தட்டுவார். அதிர்வு நின்றுவிடும். இதைவிட மென்மையாக ஒரு தகப்பன் கண்டிக்க முடியாது என்று உண்மையாகவே நம்பினார். ஏழு ஆண்டுகள் அப்படிப் போயின. பிறகு மகள் வேலைக்குப் பக்கத்தில் தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. அம்மாவோடு ஃபோனில் பேசுவாள். அப்பாவிடம் கொடுக்கச் சொல்ல மாட்டாள். அவரும் கை நீட்ட மாட்டார். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை, அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர் சோதனைத் தட்டுகள் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். சோதனைத் தட்டில் குழுவின் பெயர் இருக்காது. வெள்ளை லேபிளில் எண் மட்டும்.

"போஸ்ட்-பங்க்காம் அண்ணே, ராக்ல ஒரு வகை. நாலு பேரு, முதல் ஆல்பம். இதுல எதக் குறைன்னு எழுதுவீங்க? முழுசுமே அப்படித்தான இருக்கு."

காதுக்காரர் முள்ளை இறக்கினார். கிட்டார் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஓரமாக ஒலித்தது. டிரம்ஸ் ஈரமே இல்லாமல் விழுந்தது. பாடுகிறவன் பாடவில்லை, ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிப்பவன்போல் சொல்லிக்கொண்டே போனான். மெட்டு என்று ஒன்று இருந்தால் அதைச் சுமந்தது பேஸ்தான். சுரண்டலை அவர் குறையாக எழுதவில்லை. தெரிந்து செய்தது ஒழுங்காக இருக்கும் என்பது அவருடைய அளவுகோல்.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில், நான்காம் நிமிடம் பன்னிரண்டாம் நொடியில், டொக் டொக் டொக் என்று ஏதோ இடித்தது. தாளத்தோடு ஒட்டாத சத்தம். அத்தோடு எல்லாக் கருவிகளும் அறுந்து நின்றன. பிறகு பதினோரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த தட்டையும் போட்டுப் பார்த்தார். அதே இடம், அதே மூன்று. அப்படியென்றால் பிசகு அச்சில் இல்லை, மூலப் பதிவிலேயே இருக்கிறது. படிவத்தில் எழுதினார்: "வெளி ஓசை. மரத்திலோ சுவரிலோ இடித்தது. நிராகரிக்கப்படுகிறது."

அவர் நிராகரித்தால் குழுவிலிருந்து ஒருவர் வந்து கூட உட்கார்ந்து கேட்க வேண்டும். அதன்பிறகும் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் இயந்திரம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். இவர்கள் முறை மறுபடி வர ஐந்து மாதம் ஆகும். அடுத்த மாதமே ஆல்பத்தை வெளியிட மண்டபம் பேசி, நோட்டீஸும் ஒட்டிவிட்டார்களாம். அச்சு இயந்திரக்காரர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

புதன்கிழமை கதவைத் திறந்துகொண்டு வந்தது அவருடைய மகள்.

"உங்க குழுவா?" என்றார்.

"ஆமாம்பா. படிவத்துல கையெழுத்தப் பாத்ததும் தெரிஞ்சுது. மத்தவங்க வரேன்னாங்க, நாந்தான் வேணாம்னேன்."

அவர் இரண்டாவது ஹெட்போனை எடுத்து அவளிடம் கொடுத்தார். இருவரும் ஒரே மேசைக்கு முன்னால், ஒரே தட்டு சுற்றுவதைப் பார்த்தபடி கேட்டார்கள். மடியில் அவளுடைய இடதுகை விரல்கள் தாமாகவே கம்பி பிடித்து நகர்ந்தன. அந்த மூன்று சத்தம் வந்ததும் அப்படியே நின்றன. அதை அவர் பார்த்தார்.

"இது எங்க எடுத்தது?"

"நம்ம வீட்ல. அங்க இருந்தப்ப என் ரூம்ல, ஃபோன்ல எடுத்தது. மத்தவங்க இதுக்கு மேலதான் வாசிச்சாங்க." ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "அது நீங்கதாம்பா."

இருபத்தாறு வருடம் கேட்ட காது. ஆனால் தட்டுகிறவனுக்குக் கேட்பது ஒரு சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்பது வேறு சத்தம். தன் பக்கத்தில் அது விரல் முட்டியின் சின்ன ஓசை. அவள் பக்கத்தில் அது அறை முழுவதும்.

"வெட்டி எடுத்திருக்கலாமே."

"எடுத்துப் பாத்தோம். பாட்டு பொய்யாப் போச்சு."

"அதுக்கப்புறம் என்ன வாசிக்கறதா இருந்த?"

அவள் யோசித்துப் பார்த்தாள். கோபம் இல்லை; மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல்தான் சொன்னாள். "தெரியாதுப்பா. எப்பவுமே அங்கதான நிக்கும்."

அந்த ஓசை தெரிந்தே வைத்தது என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் பேனாவை எடுக்கவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று சொல்லி, அந்தப் பாட்டின் தொடக்கத்தில் முள்ளை வைத்தார். இந்த முறை எதையும் தேடவில்லை. பேஸ் தயங்கித் தயங்கி ஏறியது. ஓரிடத்தில் தன் வழியைக் கண்டுகொண்டதுபோல் நிமிர்ந்தது. அப்போது பார்த்துத் தட்டல் விழுந்தது. நன்றாக இருந்ததா என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. பொய் இல்லை என்று மட்டும் தெரிந்தது. பதினோரு நொடியும் முடியும்வரை இருந்துவிட்டு, பழைய வரியை அடித்து, கீழே எழுதினார்: "குறை இசைத்தட்டில் இல்லை. அச்சிடலாம்."

அவள் படித்தாள். ஒருமுறை அவரைப் பார்த்தாள். பிறகு தன் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கச்சேரி எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"ஏழு மணிக்கு."

வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாத நேரம். அது இருவருக்கும் தெரியும். "சரி" என்றார். "வரேம்பா" என்று அவள் சொல்லிவிட்டுக் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனாள். அந்த வீட்டில் வளர்ந்த யாரும் கதவை அப்படித்தான் சாத்துவார்கள்.

வெள்ளிக்கிழமை ஐந்நூறு தட்டுகள் அச்சாயின. ஐம்பதுக்கு ஒன்று அவர் மேசைக்கு வரும். அதை முழுதாகக் கேட்டாக வேண்டும். பத்து முறை கேட்டார். ஏழாவது முறை, நான்காம் நிமிடம் நெருங்கும்போது, வலதுகை, சுவரில் தட்டப்போவதுபோல் விரல்கள் மடங்கி மேசைக்கு மேலே எழுந்து நிற்பதைக் கண்டார். விரல்களை விரித்து, உள்ளங்கையை மேசையில் பதித்து, அதன்மேல் இடதுகையை வைத்து அழுத்திக்கொண்டார். மீதி மூன்று தட்டுகளையும் அப்படியே உட்கார்ந்து கேட்டார்.