கடலைத் தோலும் நேர் வகிடும்

"வைங்க பெரியம்மா" என்று வலது கையை என் முன்னால் நீட்டுகிறாள் அஃப்ரியே. விரல்கள் விரிந்திருக்கின்றன, உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. வறுத்த கடலை ஒன்றைத் தேய்த்து, அந்தச் சிவந்த தோலை அவள் புறங்கையில் வைக்கிறேன். அது பறந்துவிடக் கூடாதென்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். தோல் அசையவில்லை. "சரி, கடை திறக்கலாம்" என்கிறாள்.

கடை என்றால் ஒரு முக்காலி, கூரான வால் வைத்த ஒரு சீப்பு, மரக்கிளையில் தொங்கும் சவுரிக் கொத்து. பன்டாமா சந்தையில் வாழைக்காய் சுடும் என் அடுப்புக்கும் தாவியாவின் வெங்காயக் கூடைகளுக்கும் நடுவில் அவள் இடம். பின்ன வந்தவளைத் தரையில் உட்காரவைத்து, தலையை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொள்வாள். அதன் பிறகு அவள் பேசுவது ஆளோடு அல்ல, தலையோடு. "இந்தத் தலை ராத்திரி தூங்கல. புருஷன்காரன் வீட்டுக்கு வரலபோல" என்பாள். போனில் பேசிக்கொண்டே தலையாட்டுகிறவளுக்குச் சீப்பால் மண்டையில் ஒன்று விழும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சீப்பின் வாலை நெற்றியில் வைத்தால் பிடரியில்தான் எடுப்பாள். எங்கள் குமாசி நகரம் முழுக்க எத்தனையோ பேர் பின்னுகிறார்கள், அப்படி ஒரு வகிடு யாருக்கும் வராது. வருமென்று யாராவது சொன்னால் என்னிடம் வந்து பேசட்டும்.

கொரோனா அவளையும் விடவில்லை. காய்ச்சல், இருமல், பிறகு மூக்கு வேலைநிறுத்தம் செய்தது. மொமோனிக் கருவாட்டை அவள் மூக்குக்கு நேராக நானே பிடித்துப் பார்த்தேன். "என்ன பெரியம்மா, சோப்பா?" என்று கேட்டாள். தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும் கருவாடு அது! அதுவும் சரியாகி, மூக்கும் திரும்பிவந்து, சந்தைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சில வாரங்கள் போயின. கழுத்தின் முன்பக்கம் வலிக்கிறது என்றாள். வலி தாடைக்கு ஏறியது, காதுக்கு ஏறியது. பல்தான் காரணம் என்று ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பல் போனது, வலி போகவில்லை. நிழலில் உட்கார்ந்தபடியே வியர்த்தாள். "நெஞ்சுக்குள்ள யாரோ உரல்ல போட்டு ஃபூஃபூ மாவு இடிக்கிறாங்க" என்றாள். இரண்டு ஆள் சோறு தின்றாள், உடம்போ கரைந்துகொண்டே போனது. எல்லாவற்றையும் அவள் தாங்கினாள். கை நடுங்கியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சீப்பின் வால் மண்டையில் தத்தளித்தது. பின்னிக்கொண்ட ஒரு பெண், தோழி எடுத்துக் காட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "அக்கா, என் தலையில பாம்பு ஊர்ந்து போச்சா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் மறுபடி வரவில்லை. மற்றவர்களும் மெல்ல மெல்ல வேறு முக்காலிகளைத் தேடிப் போனார்கள்.

எங்கள் பெண்களுக்குத் தராசு வேண்டாம், இடுப்பு மணிச்சரம் போதும். அது தொளதொளத்தால் மெலிந்திருக்கிறோம், இறுக்கினால் சதை போட்டிருக்கிறோம். ஒருநாள் அஃப்ரியே முக்காலியிலிருந்து எழுந்தபோது அவளுடைய சரம் இடுப்பில் நிற்காமல் வழுக்கி, நட்டநடுச் சந்தையில் கணுக்காலில் வந்து விழுந்தது. கணவன் மட்டும் பார்க்க வேண்டிய மணிகள்! நான் என் மேல்துணியை விரித்து அவளை மறைத்தேன். தாவியா வெங்காயத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து, "அந்த மெலிவு நோய்தான், வேற என்ன" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் முணுமுணுத்தாள். எய்ட்ஸுக்குச் சந்தையில் அதுதான் பெயர்.

"உன் நாக்குதான் கொஞ்சம் மெலியணும்" என்றேன்.

பிறகு காற்று திசை மாறியது. நெஞ்சிடிப்பு அடங்கியது, நடுக்கமும் நின்றது. கன்னம் உப்பியது, இடுப்பு பெருத்தது, கழன்று விழுந்த சரம் இப்போது சதையில் பதிந்தது. சந்தைக்கே சந்தோஷம். "நல்லா குண்டாயிட்டடி! கடவுள் கைவிடல!" என்று ஆளாளுக்குத் தட்டிக்கொடுத்தார்கள். தாவியாவும் கட்டிப்பிடித்தாள். நன்றி சொல்லத் தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்று வெள்ளைத் துணி எடுத்து எல்லோருமாகச் சேர்ந்து தைத்தோம். அவளுக்கு மட்டும் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். பின்னிக்கொண்டிருக்கும்போதே தூங்கி, வாடிக்கையாளர் தலைமேல் தலை வைத்துவிட்டாள். விரல்கள் மரத்துப்போய், நாலு இழை பின்னுவதற்குள் ஓய்ந்துபோயின.

ஞாயிற்றுக்கிழமை மேளம் முழங்க, கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு காணிக்கைப் பெட்டியை நோக்கி ஆடிப்போனோம். நடுவழியில் பட்டென்று அவள் சரம் அறுந்தது. பாவாடைக்குள்ளிருந்து மணிகள் கொட்டிச் சிமெண்டுத் தரையெங்கும் உருண்டன. "சதை போட்டதுக்குச் சாட்சி!" என்று ஒருத்தி கூவினாள், எல்லோரும் கைதட்டினார்கள். மருத்துவமனையில் நர்சாக இருக்கும் ஃபோசுவா மட்டும் கைதட்டவில்லை. அஃப்ரியேயோடு சேர்ந்து குனிந்து மணி பொறுக்கியவள், அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"உன் குரல் ஏன் இப்படிக் கட்டியிருக்கு?"

"குளுருது, சிஸ்டர்."

"இந்த வெயில்லயா? நாளைக்கு என்னைப் பாக்க வா. ரத்தம் எடுக்கணும்."

நானும் கூடப் போனேன். டாக்டர் சொன்னதை ஃபோசுவா எங்களுக்குச் சந்தைக் கணக்கில் சொன்னாள். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்புக்குச் சூடும் வேகமும் குடுக்கற சரக்கு அங்கதான் இருப்பு. அளந்து அளந்து வெளிய விடும். கொரோனா வந்துட்டுப் போனப்புறம் சிலருக்கு அந்தக் கிடங்கு வீங்கி உடைஞ்சிடும். சரக்கு மொத்தமும் ஒரேயடியா ரத்தத்துல கொட்டிடும். அதான் நடுக்கம், வேர்வை, மெலிவு. கொட்டித் தீந்ததும் கிடங்கு காலி. அதான் இந்தக் குளிரு, தூக்கம், வீக்கம்."

"அப்ப நாங்க நன்றி சொன்னது நோயோட ரெண்டாம் பாதிக்கா?" என்று நான் கேட்டேன். ஃபோசுவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அஃப்ரியே சிரிக்கவில்லை. செத்துப்போவேனா என்று கேட்கவில்லை, மெலிவேனா என்றும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, "இது எனக்குத் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"முக்கால்வாசிப் பேருக்குக் கிடங்கு தானா நிரம்பிடும். சிலபேர் நெடுநாள் மாத்திரை போடணும். நீ எந்தப் பக்கம்னு ரத்தம்தான் சொல்லும்" என்றாள் ஃபோசுவா. கையை நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்து நடுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தாள். அதை அஃப்ரியே உற்றுப் பார்த்துக்கொண்டாள். காகிதம் எதற்கு, பெரியம்மாவிடம் கடலைத் தோல் இருக்கிறதே என்று மறுநாளே ஆரம்பித்ததுதான் இந்தக் காலைச் சடங்கு.

மாத்திரை தின்றாள். பிறகு குறைத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சென்ற மாதம் எடுத்த ரத்தம், கிடங்கு நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டது. மாத்திரைதான் காப்பாற்றியது என்கிறாள் ஃபோசுவா. நான் விடாமல் காய்ச்சி ஊற்றிய செம்பனைப் பழக் குழம்பை அவள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேர்க்க வேண்டும். தேவாலயத்தில் சிதறிய மணிகளைத் தாவியா வீட்டுக்கு எடுத்துப்போய், கெட்டி நூலில் கோத்துக் கொண்டுவந்தாள். "இனி இது அறுந்தா என்னைக் கேளு" என்று சொன்னாள். அவள் வாயிலிருந்து மன்னிப்பு அவ்வளவுதான் வரும்.

சரம் இப்போது இடுப்பில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆனாலும் தோல் சோதனையை அவள் விடவில்லை. பாம்பு ஊர்ந்த தலையை அவளால் மறக்க முடியவில்லை.

நேற்றுக் காலை அவள் வருவதற்கு முன்பே ஒரு கல்யாணப் பெண் முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாம்பு என்று கேட்டுவிட்டுப் போனாளே, அவளேதான். அஃப்ரியே அவசரமாக வந்தாள். நான் வழக்கம்போலக் கடலையைத் தேய்த்து, தோலும் பருப்புமாக உள்ளங்கையில் ஏந்திக் காத்திருந்தேன். "என்னடி, தலையெல்லாம் எண்ணெயே காணோம்?" என்று அந்தத் தலையை அதட்டிக்கொண்டே, என் கையில் ஒரு ஊது ஊதினாள். தோல் பறந்தது. பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சீப்பின் வாலை அந்தப் பெண்ணின் நெற்றியில் வைத்துப் பிடரிவரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.