வெள்ளையம்மாவின் இருநூற்று எழுபது மரங்கள்

வெள்ளையம்மா அக்காவைப் பார்த்த முதல் நாளே நான் திட்டிவிட்டேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் எனக்கே சோறு இறங்காது.

1999 பெப்ரவரி. ருவான்வெல்லைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், மேல் டிவிஷனுக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு மண் பார்க்கிற வேலை. தார் ஊற்றுவதற்கு முன், கல் பரப்புவதற்கும் முன், அடியில் கிடக்கும் மண் நன்றாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன். ரோலர் ஓடிய மண்ணில் சட்டி வாய் அளவுக்கு ஒரு குழி தோண்டுவேன். தோண்டிய மண்ணை நிறுத்து, அடுப்பில் காயவைத்து, மறுபடி நிறுப்பேன். குழிக்குள் உலர்ந்த மணலை ஊற்றி அது எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பேன். கணக்குப் போட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வந்தால் பாஸ். நான் கையெழுத்து வைத்தால்தான் கல் லொறி மேலே ஏறும். ஆகவே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சம் என்ன, நிறையவே.

மார்ச் கடைசிக்குள் மண் வேலை முடியாவிட்டால் மேல் டிவிஷனைக் கைவிட்டு ரோட்டைப் பாதியிலேயே நிறுத்திவிடுவோம் என்று எஞ்சினியர் அபேகோன் மாத்தயா சொல்லியிருந்தார். மேல் லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தது நோயாளியைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு மூன்று மைல் இறங்குகிற சனம். எல்லோர் கண்ணும் என் மணல் போத்தல் மேல்தான்.

அந்தப் பெரிய வளைவில் ஐந்து குழி தோண்டினேன். ஐந்தும் பாஸ். ஃபோர்மில் பேனாவை வைக்கப்போன நேரம், கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தார்.

"தம்பி, இதுக்கு அடியில மரக்கட்டை கெடக்குங்க."

எல்லோரும் ஐயா என்று கூப்பிடுகிற இடத்தில் தம்பி என்றதே எனக்குச் சுருக்கென்றது.

"யாரு சொன்னா?"

"நான் பால் வெட்டுன மரங்க. இருபத்தாறு வருசம். மேல அறுத்துட்டு, அடிக்கட்டைய அப்படியே விட்டு மண்ணப் போட்டு மூடிட்டாங்க."

"மண்ணு பாஸாயிருச்சு. வந்துட்டாங்கப்பா பெரிய எஞ்சினியரம்மா! போய்க் கல்லப் பொறுக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"நீங்க தோண்டுற குழி சட்டி வாய் அளவுதானுங்க. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல எத்தன குழி தோண்டுனாலும் பாஸ்தான் வரும்."

பக்கத்து ரோலரில் இருந்த நுஹ்மான் மெதுவாகச் சொன்னான்: "அந்த அக்கா சும்மா பேசுற ஆளில்ல மச்சான்."

வெள்ளையம்மா அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர். பதினாலு வயதில் பால் வெட்டுக் கத்தியைப் பிடித்தார். இருநூற்று எழுபது மரம் அவர் பங்கு. விடிவதற்கு முன் கத்தியோடு ஒரு சுற்று; வெயில் ஏறியதும் சிரட்டைகளில் நிறைந்த பாலை எடுக்க வாளியோடு மறு சுற்று. மழை நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் அதே மரங்கள், அதே வரிசை. நாலு வருடத்துக்கு முன் கிழட்டு மரங்கள் என்று தோட்டம் அவற்றை அறுத்தது. வாளியைக் கவிழ்த்துவிட்டு ரோட்டு வேலைக்கு வந்தவர் அவர்.

ஆனால் அவருடைய ஆட்களே அவர் மேல் பாய்ந்தார்கள். பக்கத்துப் பங்கில் பால் வெட்டிய ஜீவராணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒன் வாயால இந்த ரோடு நின்னுச்சுன்னா லயத்துல ஒருத்தரும் ஒனக்குப் பச்சத் தண்ணி தர மாட்டோம், பாத்துக்க!"

"நமக்கு ஒரு தடவதான்டி ரோடு," என்றார் வெள்ளையம்மா. "ரெண்டு மழையில கட்ட உளுத்து இது எறங்கிப்போச்சுன்னா திரும்பி வந்து போடுவாங்களா?"

சத்தம் கேட்டு வந்த அபேகோன் மாத்தயா ஒரே ஒரு குழிக்கு அனுமதி கொடுத்தார். கட்டை இல்லாவிட்டால் அந்த அம்மா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். வெள்ளையம்மா தலையாட்டினார். பிறகு ஒரு வெறும் வாளி கேட்டார்.

"வாளி எதுக்கு?"

"கையில வாளி இல்லாம காலு வராதுங்க."

ஓரத்தில் ஒரு பாறை இருந்தது. அவருடைய முதல் மரம் அதன் பக்கத்தில்தானாம். அங்கிருந்து கண்ணை மூடிக்கொண்டு, உதடு முணுமுணுக்க, புது மண் மேல் நடந்தார். வளைவின் நடுவில் நின்று, "இங்க," என்றார்.

தோண்டினோம். மூன்றடி, நாலடி. சுத்தமான மண். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். "போதுமா?" என்று கேட்டேன்.

அவர் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ சாமி! இது காத்துல வேரோட சாஞ்ச மரங்க! மரம் போனாலும் நாங்க எண்ணிக்கைய விடமாட்டோம். விட்டா அடுத்த மரத்துக்குக் காலு தப்பிரும்." எழுந்தார். எட்டுக் காலடி எடுத்து வைத்தார். "இங்க பாருங்க."

"இன்னுமா?" என்று வாயெடுத்தேன். நுஹ்மான் ரோலரை விட்டு இறங்கி, என்னைக் கேட்காமலே அலவாங்கை, அந்தக் கடப்பாரையை, எடுத்துக் குத்தினான். இரண்டடிக்குக் கல் மாதிரி மண். அடுத்த குத்தில் அலவாங்கு அவன் கை பிடித்த இடம் வரை சர்ரென்று உள்ளே போய்விட்டது.

திறந்து பார்த்தோம். உளுத்துப்போன கட்டை. அதைச் சுற்றி ஒரு ஆளை உட்கார வைக்கலாம் போல் பொந்து. நான் கையெழுத்து வைக்கப்போன இடம்.

"இன்னும் எத்தனை?" என்றார் மாத்தயா, தொப்பியைக் கழற்றிக்கொண்டு.

"எம் பங்குல இன்னும் இருவத்திரெண்டுங்க. அங்கிட்டு ஜீவராணி பங்கு. அவதான் சொல்லணும்."

எல்லோரும் ஜீவராணியைப் பார்த்தோம். அவர் போய் ஒரு வாளியை எடுத்தார்.

அதன் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! ஒரு மரம் கூட இல்லாத மொட்டைச் செம்மண்ணில் இரண்டு பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார்கள். எட்டுக் காலடிக்கு ஒருமுறை நிற்கிறார்கள். கை தானாகப் பக்கவாட்டில் போய், இல்லாத சிரட்டையை எடுத்து வாளியில் கவிழ்க்கிறது. அவர்கள் நின்ற இடத்திலெல்லாம் நான் பின்னாலேயே ஓடிச் சுண்ணாம்பு போட்டேன். மொத்தம் நாற்பது புள்ளி. நாற்பதிலும் கட்டை. ஒன்று கூடத் தப்பவில்லை. என் தராசும் போத்தலும் ஓரத்தில் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை லயமே மண்வெட்டியோடு இறங்கி வந்துவிட்டது. கட்டைகளைப் பிடுங்கி, பொந்துகளில் அடுக்கடுக்காகக் கிரவல் சரளையைப் போட்டு இடித்து இறுக்கினோம். மார்ச் 29ஆம் திகதி, மண் நிரப்பிய லொறியை அந்த வளைவில் ஆமை வேகத்தில் ஓட்டினார்கள். சில்லுக்குப் பக்கத்திலேயே குனிந்துகொண்டு நடந்தேன். சில்லுக்கடியில் மண் ஒரு நூல் கூட அமுங்கவில்லை. கையெழுத்து வைத்தேன். வைத்துவிட்டு, "அக்கா, மன்னிச்சுக்கங்க," என்றேன்.

"மொதல்ல சோத்தத் தின்னுங்க தம்பி," என்று தன் சோற்றுப் பொதியை நீட்டினார்.

அந்த வருடமே பஸ் ஓடியது. 2008இல் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அதே பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் வெள்ளையம்மா அக்கா, கிளினிக் அட்டையும் கையுமாக. தலை நரைத்திருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வளைவு வந்துவிட்டது. அவர் கண்ணை மூடினார், உதடு அசைந்தது. ஒன்பது வருட மழைக்குப் பிறகும் பஸ் ஒரு குலுக்கல் இல்லாமல் போனது. அவர் மடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டு வந்தன. காற்றில் சாய்ந்த அந்த மரத்தின் இடம் வந்ததும், அதற்கும் ஒரு விரலை மடக்கினார்.