சட்டைப்பையில் ஒரு தாலி

சிக்கல் ஊர்ச் சேதுராமன் எதிலும் ஒரே வழியை நம்பி இறங்கியவர் அல்ல. புரட்டாசி கடைசியில் ஊரே விதைப்பெட்டியோடு வயலுக்கு ஓடும்போது அவர் பாதி நிலத்தில் மட்டும் விதைப்பார். மீதியை இருபது நாள் பொறுத்து விதைப்பார். ஒன்று போனால் ஒன்று நிற்கும். நெல்லும் போடுவார், மிளகாயும் போடுவார். மூட்டைக்குக்கூட இரண்டு முடிச்சு. கண்மாய் நிறைவதே அபூர்வமான சீமையில் இப்படி இருக்கிறவரைக் கோட்டிக்காரர், கிறுக்கர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐம்பத்தெட்டு வயது வரை அந்தக் குணம்தான் அவரைக் காப்பாற்றியது. மகள் கல்யாணத்தில் அதே குணம் அவரைக் கவிழ்த்துவிட்டது.

ஒரே மகள் மாலதி. கடலாடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வயதுக்குள் இரண்டு சம்பந்தம் பேசி முறிந்துபோயிருந்தது. மூன்றாவதாக வந்தவன் அருள்முருகன். கமுதிப் பக்கத்துக் குடும்பம், பத்து வயதில் தாய் தகப்பனோடு அமெரிக்கா போனவன், அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவன். ஆவணியில் வந்து பெண்ணைப் பார்த்தான், பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பூ வைத்து நிச்சயம் செய்த அன்று, சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அவன் சேதுராமனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"மாமா, மாலதியை அங்க கூட்டிட்டுப் போக ரெண்டு வழி இருக்கு. இங்கயே கல்யாணம் பண்ணி, ரெஜிஸ்டர் பண்ணி, மனைவின்னு விசா கேக்குறது ஒண்ணு. அது ரெண்டு வருஷம்கூட இழுக்கும். இன்னொண்ணு, கல்யாணம் பண்ணாம, கட்டிக்கப் போற பொண்ணுன்னு விசா கேக்குறது. அது கொஞ்சம் சீக்கிரம். அங்க வந்து எறங்குனா தொண்ணூறு நாளுக்குள்ள கல்யாணம் பண்ணிரணும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. ஆனா ஒண்ணைப் பிடிச்சா ஒண்ணை விட்ரணும்."

சேதுராமனுக்கு இரண்டுமே தொண்டையில் இறங்கவில்லை. தாலி கட்டி இரண்டு வருடம் பெண்ணை வீட்டில் வைத்திருப்பதா? அவருக்குத் தங்கை பூங்கோதையின் ஞாபகம் வந்தது. கட்டிக்கொடுத்த எட்டாம் மாதம் திரும்பி வந்தவள், சாகும்வரை அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். குடத்தோடு தெருவில் போனாலே வாழாவெட்டி என்று காதில் விழுகிற மாதிரிப் பேசுவார்கள். அந்தச் சொல் இன்னொரு தடவை தன் வாசலுக்கு வரக் கூடாது. சரி, கல்யாணமே ஆகாமல் பெண்ணை விமானத்தில் ஏற்றி அனுப்புவதா? போன இடத்தில் தொண்ணூற்றோராவது நாள் அவன் கையை விரித்தால் யாரைப் போய்க் கேட்பது?

இரண்டு நாள் யோசித்துவிட்டு, சீக்கிரம் கிடைப்பதையே கேட்கச் சொன்னார். இரண்டாவது பயத்துக்கு அவரிடம் ஒரு மருந்து இருந்தது. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

பதினாலு மாதம் காகிதங்கள் போயின, வந்தன. மாலதி பள்ளிக்கூட வேலையை விட்டாள். பிள்ளைகள் சேர்ந்து சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்து அழுதுகொண்டே வழியனுப்பினார்கள். மும்பையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குத் தேதி வந்ததும் அருள்முருகன் பத்து நாள் லீவு போட்டு வந்தான். வந்த மூன்றாம் நாள் சேதுராமன் மருந்தை வெளியே எடுத்தார்.

"மாப்பிள்ளை, வெள்ளிக்கிழம காலையில நம்ம கருப்பணசாமி கோயில்ல வச்சுத் தாலியக் கட்டிருங்க."

அவன் ஆடிப்போனான். "மாமா, அதைச் செய்யவே கூடாதுன்னுதான அப்பவே சொன்னேன்? அந்த விசாவே கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு."

"ரெஜிஸ்டர் ஆபீசுக்கா போகச் சொல்றேன்? பத்திரிகை அடிக்கல, மண்டபம் பிடிக்கல. சாமிக்கு முன்னாடி ஒரு கயிறு. பேப்பர்ல ஏறாத கல்யாணம் விசா குடுக்குறவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு மனசு ஆறும். அங்கன போயி அவங்க முறைப்படி இன்னொரு தடவ பண்ணிக்கங்க."

அருள்முருகன் கெட்டவன் இல்லை. ஆனால் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டால் நெஞ்சு இளகிவிடுகிற ரகம். சேதுராமன் கும்பிட்டார். அவன் மாலதியைப் பார்த்தான். அவள் அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவளாவது சொல்லியிருக்கலாம். பூங்கோதை அத்தையின் மடியில் வளர்ந்த பெண், சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை முப்பது பேர் முன்னால் தாலி ஏறியது. சேதுராமனின் மனைவி பூமயில் அழுதாள், பொங்கல் வைத்தாள். அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பார்கள். ஆனால் ஊருக்குத் தெரியாத தாலி ஊர் வாயை எப்படி அடைக்கும்? கல்யாணம் முடித்துத்தான் பெண்ணை அனுப்பினார் என்று நாலு பேர் பேச வேண்டாமா? அண்ணன் மகன் மாரீஸ்வரன் ஃப்ளெக்ஸ் அடிக்கட்டுமா என்று வந்து நின்றபோது சேதுராமன் ஒரு நிமிடம்தான் யோசித்தார்.

"ஒரே ஒரு காலை மட்டும்லே. பஸ் ஸ்டாப்புல கட்டிட்டு மத்தியானமே அவுத்துரணும்."

மாரீஸ்வரன் சொன்ன சொல் தவறவில்லை. பத்தடிக்கு எட்டடி, மணமக்கள் சிரித்துக்கொண்டு நிற்க, மேலே கொட்டை எழுத்தில் திருமண நல்வாழ்த்து, கீழே வரிசையாக அவன் கூட்டாளிகளின் முகங்கள். மத்தியானம் சரியாக அவிழ்த்து மடித்துச் சித்தப்பா வீட்டில் கொண்டுவந்து போட்டான். அதற்குள் கூட்டாளிகளில் ஒருவன் அதன் முன்னால் நின்று படம் எடுத்து, மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான். அது சேதுராமனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் படம் மும்பை வரைக்கும் போகும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அருள்முருகனுக்கு லீவு முடிந்துவிட்டது. கிளம்பும்போது மாலதியிடம் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னான்: நிச்சயம் மட்டும்தான் ஆச்சுன்னு சொல்லு. சேதுராமன் எல்லார் போனிலும் இருந்த தாலி கட்டுகிற படங்களை ஒன்றுவிடாமல் அழிக்கச் சொன்னார். மாரீஸ்வரன் வீடு வீடாகப் போய்ப் பக்கத்தில் நின்று அழிக்க வைத்தான். காரியம் கச்சிதமாக முடிந்தது.

அப்பாவும் மகளும் மதுரையில் ரயில் ஏறி மும்பை போனார்கள். தாராவியில் இட்லி வியாபாரம் பார்க்கிற கூத்தையா, சிக்கல்காரர், தன் வீட்டில் தங்க வைத்தார். நேர்காணல் அன்று விடியலில் மாலதி குளித்துச் சுடிதார் போட்டுக்கொண்டு நின்றாள். மஞ்சள் கயிறு கழுத்துப் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. சேதுராமன் அதைப் பார்த்தார். கழற்று என்று தன் மகளிடம் சொல்ல வேண்டிய தகப்பன் அந்த விடியலில் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

"ஆத்தா... அத அய்யாகிட்டக் குடுத்துட்டுப் போ."

மாலதி திரும்பி நின்று, தலைவழியாகக் கழற்றி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். கயிறு ஈரமாக இருந்தது. அவர் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். கூத்தையாவின் மனைவி ஈஸ்வரி அடுப்படியிலிருந்து இதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோட்டில் போகும்போது அவர் பாடம் நடத்தினார். "கல்யாணம் ஆச்சான்னு கேட்டா?"

"ஆகலன்னு சொல்லணும்."

"கோயில்ல எதுவும் சடங்கு நடந்துச்சான்னு கேட்டா?"

"நிச்சயம் மட்டும்தான்னு சொல்லணும்."

"தடுமாறாமச் சொல்லு."

தூதரகத்துக்கு எதிர்த்த பிளாட்பாரத்தில் மூன்று மணி நேரம் நின்றார். பையிலிருந்த தாலி நெஞ்சில் லேசாக உறுத்திக்கொண்டிருந்தது. மாலதி வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் கேட்டார்.

"என்னத்தா கேட்டாங்க?"

"கைய ஒசத்தச் சொன்னாங்க. சொல்றதெல்லாம் உண்மைன்னு சத்தியம் வாங்குனாங்க. கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க. ஆகலன்னேன். ரெண்டு தடவ கேட்டாங்க, ரெண்டு தடவையும் ஆகலன்னேன். அப்பறம் ஒரு பேப்பரத் திருப்பிக் காட்டுனாங்க. நம்ம பஸ் ஸ்டாப்பு ஃப்ளெக்ஸ்."

அவள் அவர் சட்டைப்பையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் ஆகலன்னு சொன்னப்ப அது ஒங்க பையிலதான்யா இருந்துச்சு."

ஊருக்கு வந்ததும் தாலியைப் பூமயில் மகள் கழுத்தில் போடப் போனாள். மாலதி தடுத்துவிட்டாள். "கட்டுனவரு வந்து கட்டட்டும்." பூமயில் அதைச் சாமிப்படத்தடியில் குங்குமச் சிமிழுக்குள் சுருட்டி வைத்தாள்.

அருள்முருகன் ஒரு வக்கீலைப் பிடித்து விசாரித்துவிட்டுப் போனில் சொன்னான். கல்யாணம் ஆகிவிட்டதால் கட்டிக்கப் போகிற பெண் என்று கேட்கிற வழி மூடியாயிற்று. மனைவி என்று கேட்கலாம், ஆனால் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னது மாலதி பேரில் பதிவாகிவிட்டது. அந்தத் தடை ஆயுசுக்கும் நிற்கும். மன்னிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், வருடக்கணக்கில் ஆகும், கிடைக்கும் என்று உறுதி கிடையாது. கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி வேண்டும், படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். ஒன்றுவிடாமல் அழிக்கச் சொன்னதே சேதுராமன்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

"ஒண்ணைப் பிடிச்சா ஒண்ணை விட்ரணும்னு சொன்னேனே மாமா. நானும் சேந்துதான் தப்புப் பண்ணேன். ஒங்கள மட்டும் சொல்லல."

தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாயிற்று. பிறகு நாள் கிழமைக்கு மட்டும். மாலதி பழைய பள்ளியில் கேட்டுப் பார்த்தாள், அவள் இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டார். வயலுக்குப் போக ஆரம்பித்தாள். சிக்கலில் யாரும் கெட்டவர்கள் இல்லை, இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. எப்பத்தா போற என்று கேட்டவர்கள், போகலையா என்றார்கள். பிறகு கேட்பதையும் விட்டார்கள். ஒருநாள் கண்மாய்க்கரையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். சேதுராமன் காதில் ஒரு சொல்தான் விழுந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் பூங்கோதையின் முதுகுக்குப் பின்னால் விழுந்த அதே சொல்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இந்தப் பங்குனியில் களம் முழுக்கச் செக்கச்செவேலென்று குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தபோது அருள்முருகனின் போன் வந்தது. சேதுராமன் வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினார்.

"மாமா, என்னால முடியல. அம்மா வேற எடம் பாக்குறாங்க. முறையா விவாகரத்துப் பண்ணி முடிச்சுக்கலாம்னு வக்கீல்கிட்டக் கேட்டேன். முடிக்கிறதுக்கு எதுவுமே இல்லங்கிறாரு. பேப்பர்ல நமக்குள்ள கல்யாணமே நடக்கலயாம்."

பேப்பரில் ஏறாத கல்யாணம். அந்த வார்த்தையைத் தான் சொன்ன நாள் சேதுராமனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. சரிங்க மாப்பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்தார். மாப்பிள்ளை என்று கூப்பிட்டது தப்போ என்று பிறகு தோன்றியது.

அதற்குள் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. காய்கிற மிளகாயில் ஒரு தூறல் பட்டால் போதும், வெளுத்துப் போகும், வியாபாரி கையால் தொடமாட்டான். பூமயிலும் மாலதியும் ஓடி ஓடிக் குவித்தார்கள். சேதுராமன் கொட்டகையில் கைக்கு அகப்பட்ட தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தார். அது போதவில்லை. திரும்ப ஓடிப்போய் மூலையில் மடித்துக் கிடந்த ஃப்ளெக்ஸையும் எடுத்து வந்தார். எதையும் தூர எறியாத மனுஷர். எழுத்து இருக்கிற பக்கத்தை எப்போதும் கீழே வைத்துத்தான் போர்த்துவார். இன்றைக்குக் காற்று அதைப் பிடுங்கிப் புரட்டிப் போட்டது. மிளகாய்க் குவியலின் மேல் மாலதியும் அருள்முருகனும் சிரித்துக்கொண்டு கிடந்தார்கள்.

மாலதி பார்த்தாள். முகம் மாறவில்லை. ஒரு கல்லைத் தூக்கி வந்து ஒரு முனையில் வைத்தாள். அடுத்த முனைக்குப் போனாள்.

"ஆத்தா, மாப்பிள்ளை போன் பண்ணாப்ல..."

"தெரியும்யா. எனக்குப் போன மாசமே சொல்லிட்டாரு. ஒங்ககிட்டச் சொல்ல மனசு வரல."

மழை விழ ஆரம்பித்தது. பூமயில் கூடையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். சேதுராமன் மூன்றாவது முனையைக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். அவர் அழுதாரா என்று அந்த மழையில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. இனி யாராவது கேட்டு வந்தால் பார்க்கலாம்த்தா, வயசு ஒண்ணும் போயிரல என்று எப்படியோ சொல்லிமுடித்தார்.

மாலதி கடைசிக் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டாள். கேலியும் இல்லை, கோபமும் இல்லை, வகுப்பில் கணக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"வாரவங்க கல்யாணம் ஆச்சான்னு கேட்டா, ஆச்சுன்னு சொல்லணுமா, ஆகலன்னு சொல்லணுமாய்யா? மும்பைக்குப் போறப்பச் சொல்லிக் குடுத்தீங்கள்ல, இதையும் இப்பவே சொல்லிக் குடுத்துருங்க."

எதற்கும் இரண்டு வழி வைத்திருக்கிற சேதுராமன், ஃப்ளெக்ஸின் முனையை விடாமல் அப்படியே நின்றார்.